சர்வீஸ் முடிந்து வந்த ரெகுலேட்டர்: கடலில் இறங்குமுன் சோதிப்பதும் சரிசெய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டம், கடியபட்டணம், குளச்சல், சின்னமுட்டம் பக்கம் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களுக்காக எழுதியது இது. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை மூச்சுக்கேற்பக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில், சிலிண்டர் வாயில் மாட்டும் பகுதியை முதல் நிலை என்றும், வாயில் கவ்வும் பகுதியை இரண்டாம் நிலை என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஹோஸில் நிற்கும் அழுத்தம் இடைநிலை அழுத்தம், சுருக்கமாக ஐபி. இங்கே வரும் அளவுகள் பெரும்பாலான ரெகுலேட்டர்களுக்குப் பொருந்தும் பொதுவான அளவுகள். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சரி.

சர்வீஸ் செய்துதானே வந்திருக்கிறது, மறுபடியும் எதற்குச் சோதிக்க வேண்டும்?

சர்வீஸில் மாற்றும் சாமான்களில் முக்கியமானது சீட். நைலான், டெஃப்லான், பாலியூரித்தேன் போன்ற மென்மையான பொருளில் செய்த அந்தச் சின்ன வில்லையின்மேல் உலோக விளிம்பு அழுந்தித்தான் காற்று அடைபடுகிறது. புது சீட்டில் அந்த விளிம்பு தனக்கென்று ஒரு தடத்தைப் பதிக்கும்வரை அளவு கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். கடையில் மேசைமேல் சரியாக நின்ற முள், ஒரு வாரம் கழித்து வேறு இடத்தில் நிற்கலாம். அது சர்வீஸ் செய்தவரின் தவறு அல்ல, அந்தப் பொருளின் இயல்பு.

தவறும் நடக்கும். திருகும்போது ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) நசுங்கியிருக்கும், ஹோஸ் கையளவு மட்டும் முடுக்கியிருக்கும், இரண்டாம் நிலையின் வால்வைத் திறக்கும் லீவரின் உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கும். இவை எல்லாவற்றையும் தரையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கடலடிப் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் 15 மீட்டர் ஆழத்தில், நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துக்கொண்டிருக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

முதலாவது ஐபி கேஜ். 0 முதல் 20 பார் (அழுத்த அலகு) வரை காட்டுவது போதும். மிதப்பைக் கட்டுப்படுத்தும் பிசிடி ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் ஹோஸின் முனையில் சொடுக்கி மாட்டும் வகையாக வாங்குங்கள். எதையும் கழற்றாமல் அளக்கலாம். இந்த ஒரு கேஜ் இல்லாமல் மற்ற எந்தச் சரிசெய்தலையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, மூச்சு இழுக்கும்போது வால்வு எந்த உறிஞ்சலில் திறக்கிறது என்று அளக்க ஒரு யு வடிவ நீர்க்குழாய். செய்யும் விதம் அடுத்த பதிலில் இருக்கிறது. 200 பார் நிரம்பிய சிலிண்டர் ஒன்று, 50 பார் அளவுக்கு இறங்கியது ஒன்று, முழு செட்டும் முங்கும் அகலமான பாத்திரம், ஹோஸ் நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர்கள், 4, 5, 6 மில்லிமீட்டர் அலன் கீகள் வேண்டும். நீங்களே இரண்டாம் நிலையையும் சரிசெய்வதாக இருந்தால், ஹோஸுக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவே மாட்டும் இன்லைன் டூலும் தேவை. காற்று அழுத்தம் இருக்கும்போதே ஆர்ஃபிஸை (இரண்டாம் நிலைக்குள் காற்று நுழையும் துளைமுனை) திருப்ப உதவுவது அதுதான். கட்டிங் பிளேயரையும் பைப் ரெஞ்சையும் பக்கத்தில் வைக்க வேண்டாம். குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு அந்த இடத்திலிருந்துதான் பித்தளையைத் தின்ன ஆரம்பிக்கும்.

யு குழாயை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மெல்லியதாக ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி, ஒரு பலகையில் யு வடிவில் வளைத்துக் கட்டுங்கள். இரண்டு கையும் 30 சென்டிமீட்டராவது உயரம் இருக்கட்டும். நடுவில் அளவுகோலை ஒட்டி, பாதி உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்க வேண்டும். மறுமுனையை இரண்டாம் நிலையின் வாய்ப்பகுதியோடு சேர்த்து உதட்டு ஓரத்தில் வைத்து, காற்று கசியாமல் உதட்டை மூடிக்கொள்ளுங்கள்.

மிக மெதுவாக மூச்சை இழுங்கள். உங்கள் பக்கத் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். ‘ஸ்ஸ்’ என்று காற்று வர ஆரம்பிக்கும் கணத்தில் இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் திறப்பு விசை. பலரும் இங்கே சறுக்குகிறார்கள்: ஒரு பக்கம் ஏறியதை மட்டும் படிக்கிறார்கள். ஒரு பக்கம் 1.5 சென்டிமீட்டர் ஏறினால் மறுபக்கம் 1.5 இறங்கியிருக்கும், அளவு 3 சென்டிமீட்டர். கையேட்டில் அங்குலக் கணக்கு இருந்தால் 2.54ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதுவும் இல்லையென்றால் பாத்திரத் தண்ணீரே போதும். காற்றுத் திறந்த நிலையில், வாய்ப்பகுதி மேலே பார்க்க, அழுத்தினால் காற்றைச் சீறவிடும் பர்ஜ் பட்டன் கீழே இருக்குமாறு இரண்டாம் நிலையை நேராக, மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். வாய்ப்பகுதி தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் தட்டான டயஃப்ரம் எத்தனை சென்டிமீட்டர் முங்கும்போது காற்று சீறுகிறதோ, அதுதான் திறப்பு விசை. துல்லியம் குறைவு என்றாலும், 3 சென்டிமீட்டருக்கும் 6 சென்டிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும்.

காற்றைத் திறக்குமுன் பார்க்க வேண்டியது என்ன?

ஹோஸ்களை விரல்களால் வளைத்து, உலோக முனைக்குப் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா இணைப்பும் ஸ்பேனரால் லேசாக முடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஓ-ரிங்தான் அடைக்கிறது, பலம் அல்ல. வாய் ரப்பரைக் கட்டும் பட்டை இருக்கிறதா, ரப்பரைப் பிடித்து இழுத்தால் கழல்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உறிஞ்சிப் பார்ப்பது. முதல் நிலையின் தூசி மூடியை இறுக்கமாகப் போட்டு, சிலிண்டரில் மாட்டாமலேயே இரண்டாம் நிலையில் மூச்சை இழுங்கள். கொஞ்சமும் காற்று வரக் கூடாது. இழுத்த நிலையிலேயே 10 விநாடி நிறுத்துங்கள்; உறிஞ்சல் விட்டுப்போகாமல் நிற்க வேண்டும். காற்று நுழைந்தால் தண்ணீரும் நுழையும். பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று: வெளிமூச்சு வால்வின் விளிம்பு மடங்கியிருக்கும் அல்லது அதனடியில் மணல் துகள் கிடக்கும், டயஃப்ரம் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்காது, வாய் ரப்பரில் பல் பதிந்து ஓட்டை விழுந்திருக்கும். உபரியாக மாட்டியிருக்கும் இரண்டாம் நிலையான ஆக்டோபஸிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அவசரத்தில் இன்னொருவர் வாய்க்குப் போகப்போவது அதுதான். ஆனால் அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் தடவை காற்றைத் திறக்கும் முறை?

இரண்டாம் நிலை ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும். முதல் நிலையின் சீட் பிடிக்காமல் அழுத்தம் எகிறினால், சாதாரண இரண்டாம் நிலை தானாகத் திறந்து அதை வெளியே விட்டுவிடும். அந்தப் பாதுகாப்பு இல்லாமல் வெறும் கேஜை மட்டும் மாட்டித் திறந்தால் கேஜோ ஹோஸோ வெடிக்கும். எதிர் அழுத்தத்தில் இறுக மூடிக்கொள்ளும் வகை இரண்டாம் நிலைகளும் உண்டு. அவை அழுத்தத்தை வெளியே விடாது. அப்படிப்பட்ட செட்டில் தனியாக ஒரு பாதுகாப்பு வால்வு இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேஜ்களின் கண்ணாடி உங்கள் முகத்துக்கோ பக்கத்தில் நிற்பவருக்கோ நேராக இருக்கக் கூடாது. பர்ஜ் பட்டனை லேசாக அழுத்தியபடியே சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, காற்று ஓட ஆரம்பித்ததும் பட்டனை விடுங்கள். ஐபி முள் ஏறி நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். 15 பாரைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே வால்வை மூடி, பர்ஜ் அழுத்தி, செட்டைக் கழற்றிவிடுங்கள். அன்றைய சோதனை அதோடு முடிந்தது.

ஐபி எவ்வளவு இருக்க வேண்டும்? முள்ளை எப்படிப் படிப்பது?

பெரும்பாலான மாடல்களில் சுற்றியுள்ள அழுத்தத்துக்கு மேல் 9 முதல் 10 பார். பிஎஸ்ஐ கணக்கில் சுமார் 130 முதல் 145. ஆனால் முள் நிற்கும் எண்ணைவிட அது எப்படி வந்து நிற்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

பர்ஜை அழுத்தி விடுங்கள். முள் கீழே விழுந்து, விட்டதும் சட்டென்று மேலே வந்து, பூட்டுப் போட்டதுபோல நிற்க வேண்டும். நின்றபின் சில விநாடிகளில் 0.2, 0.3 பார் ஏறி ஓய்ந்தால் புது சீட்டுக்கு அது இயல்பு. சாதாரண மூச்சில் முள் 1 பார் அளவுக்குள் இறங்கி உடனே திரும்ப வேண்டும். அதைவிட அதிகம் சரிந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது முதல் நிலை வாயிலில் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

நின்ற முள் கொஞ்சம் இறங்குவதும் மேலே குதிப்பதுமாக, தாளம் போடுவதுபோல ஆடினால் ஹோஸ் பக்கம் எங்கோ காற்று கசிகிறது. ஐபி இறங்க இறங்க முதல் நிலை திறந்து நிரப்புகிறது, அதுதான் அந்தக் குதிப்பு.

முள் ஏறிக்கொண்டே போகிறது. என்ன பழுது?

இதுதான் சர்வீஸ் முடிந்த ரெகுலேட்டரில் அதிகம் வரும் கோளாறு, ஆபத்தானதும் இதுதான். உயர் அழுத்தக் காற்று சீட்டைத் தாண்டி நூலளவு கசிந்துகொண்டிருக்கிறது. ஐபி 12, 13 பார் ஆகும்போது இரண்டாம் நிலை தாங்க முடியாமல் சீற ஆரம்பிக்கும். ஒரு மூச்சு இழுத்தால் நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி சீறும். ‘இடையிடையே ஊதுகிறது, மூச்சு விட்டால் சரியாகிவிடுகிறது’ என்று சொல்லி இரண்டாம் நிலையை முடுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழுது முதல் நிலையில் இருக்க, அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளத்தை அடைத்துவிடுகிறீர்கள்.

வேறுபடுத்த ஒரு வழி இருக்கிறது. சிலிண்டரைத் திறந்த உடனேயே, ஐபி சரியாக இருக்கும்போதே சீறினால் கோளாறு இரண்டாம் நிலையில். முதலில் அமைதியாக இருந்து, கொஞ்ச நேரம் கழித்துச் சீறினால் முதல் நிலையில்.

புது சீட்டாக இருந்தால் முதலில் அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். பர்ஜை 30, 40 முறை சட்சட்டென்று அழுத்தி விடுங்கள். பிறகு காற்றைத் திறந்தே வைத்து 10 நிமிடம் பாருங்கள். அப்போதும் ஏறினால் சீட்டில் கீறலோ துகளோ இருக்கிறது, அல்லது சீட்டை அழுத்தும் உலோக விளிம்பில் பல் விழுந்திருக்கிறது. புது சீட்டைப் போட்டும் அதே இடத்தில் கசிந்தால் அந்த விளிம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டர் அழுத்தத்தின் தள்ளலைச் சமன்செய்யும் பேலன்ஸ் அறையை அடைக்கும் உயர் அழுத்த ஓ-ரிங் கசிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். எதுவானாலும் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை. சர்வீஸ் செய்தவரிடமே திரும்ப அனுப்புங்கள். ‘10 நிமிடத்தில் ஐபி இத்தனையிலிருந்து இத்தனைக்கு ஏறியது’ என்று எண்ணோடு எழுதி அனுப்பினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

முள் அசையாமல் நிற்கிறது, ஆனால் எண் தவறு. எப்படி மாற்றுவது?

முதல் நிலையில் டயஃப்ரம் வகை, பிஸ்டன் வகை என்று இரண்டு உண்டு. டயஃப்ரம் வகையில் ஸ்பிரிங்கை அழுத்தும் ஒரு திருகு இருக்கும், பெரும்பாலும் முனை மூடிக்கு அடியில். வலப்பக்கம் திருப்பினால் ஐபி ஏறும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் நாலைந்து முறை பர்ஜ் அழுத்திவிட்டுத்தான் முள்ளைப் படிக்க வேண்டும். இல்லையென்றால் பழைய எண்ணையே படிப்பீர்கள். இறக்கும்போது இது இன்னும் முக்கியம், ஹோஸில் ஏற்கெனவே நிற்கும் காற்று தானாக இறங்காது.

பிஸ்டன் வகையில் பெரும்பாலும் வெளித்திருகு கிடையாது. ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய வளையங்களைச் சேர்த்தோ எடுத்தோதான் மாற்ற முடியும். காற்றை முழுதாக வெளியேற்றி, பிரித்துச் செய்கிற வேலை. பயிற்சி இல்லாதவர் கை வைக்க வேண்டாம்.

50 பார் சிலிண்டரில் மறுபடியும் ஏன் அளக்க வேண்டும்?

பேலன்ஸ்டு (சிலிண்டர் அழுத்தம் வால்வைத் தள்ளாதபடி சமன்செய்த) முதல் நிலையில் 200 பாரிலும் 50 பாரிலும் ஐபி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அரை பாருக்கு மேல் மாறினால் பேலன்ஸ் அறையின் ஓ-ரிங்கையோ உராய்வையோ பார்க்க வேண்டும்.

பேலன்ஸ் இல்லாத வகையில் மாறுவது இயல்பு, ஆனால் எந்தப் பக்கம் மாறுகிறது என்பது முக்கியம். சாதாரண பிஸ்டனில் சிலிண்டர் காற்று வால்வைத் திறக்கும் பக்கம் தள்ளுகிறது. அதனால் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது ஐபி உயரம். காலியாக ஆக ஐபி இறங்கி மூச்சு கனக்கும். பேலன்ஸ் இல்லாத பழைய டயஃப்ரம் வகையில் நேர் எதிர்: சிலிண்டர் காலியாக ஆக ஐபி ஏறும். இரண்டாம் நிலையை ஐபி மிக உயரமாக இருக்கும் நிலையில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதாவது முன்னதற்கு நிறைந்த சிலிண்டர், பின்னதற்கு இறங்கிய சிலிண்டர். மாற்றிச் செய்தால் கரையில் அமைதியாக இருந்தது படகில் ஊதும்.

இரண்டாம் நிலையை எந்த வரிசையில் சரிசெய்வது?

ஐபி முதலில். அது நிலைக்காமல் இரண்டாம் நிலையைத் தொட்டால் இரண்டு தடவை வேலை. பிறகு லீவர், பிறகு ஆர்ஃபிஸ். மூச்சின் கனத்தை மாற்ற வெளியே இருக்கும் குமிழ் கடைசி.

லீவரின் தளர்வை, ஆர்ஃபிஸை அடைக்கும் சீட்டைத் தாங்கும் தண்டான பாப்பெட்டின் முனையில் இருக்கும் சிறிய நட்டு தீர்மானிக்கிறது. நட்டை முடுக்கினால் தளர்வு குறையும். அளவு மீறி முடுக்கினால் பாப்பெட் ஆர்ஃபிஸை விட்டு விலகி, காற்று ஓயாமல் வரும். மூடியைப் போட்டபின் குலுக்கிப் பாருங்கள். லீவர் கடகடவென்று ஆடினால் தாழ்ந்திருக்கிறது. பர்ஜை முழுதும் அழுத்தினாலும் காற்று போதுமான அளவு வராது. மூடியைத் திருகத் திருகச் சீறல் ஆரம்பித்தால் உயர்ந்திருக்கிறது, டயஃப்ரம் சும்மா இருக்கும்போதே அதை அழுத்துகிறது.

அடுத்து ஆர்ஃபிஸ். வெளிக் குமிழை முழுதும் திறந்தும், காற்று ஓடும் திசையை மாற்றும் வெஞ்சுரி லீவரைக் கழித்தல் குறி பக்கமும் வையுங்கள். இன்லைன் டூலை மாட்டிக் காற்றைத் திறங்கள். இனி ஒரு விதி: ஆர்ஃபிஸைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பர்ஜை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். அப்போதுதான் சீட் விலகி நிற்கும். அழுத்தாமல் திருப்பினால் ஆர்ஃபிஸின் கூர் விளிம்பு புது சீட்டை வட்டமாகச் சீவிவிடும். சர்வீஸ் முடிந்து ஒரு வாரத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிய ஆரம்பிக்கும் இரண்டாம் நிலைகளில் இந்தச் சீவலை அடிக்கடி பார்க்கலாம்.

வெளிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மெல்லிய சீறல் கேட்கும் இடத்துக்கு வாருங்கள். பிறகு உள்பக்கம் சீறல் நிற்கும்வரை, எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஆர்ஃபிஸ் உள்ளே போகும்போது லீவரும் சற்றுத் தாழும் என்பதால் குலுக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். இன்லைன் டூலைக் கழற்றுமுன் சிலிண்டரை மூடி, காற்றை முழுதும் விட்டுவிடுங்கள்.

திறப்பு விசை எவ்வளவு வைக்கலாம்? லேசாக இருப்பது நல்லதுதானே?

முதன்மை இரண்டாம் நிலைக்கு 2.5 முதல் 4 சென்டிமீட்டர் நீர் அளவு. 2 சென்டிமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் கரையில் பட்டுப்போல இருக்கும். அலைக்குள் குதித்ததும் ஊதும், நீவாட்டுக்கு எதிரே முகத்தைத் திருப்பினாலே ஊதும். வாய்ப்பகுதி மேலே பார்க்கும்போது டயஃப்ரம் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும், அந்தத் தண்ணீரின் எடையே வால்வைத் திறந்துவிடும். நம் கரையில் அலை ஓயாது. 3 முதல் 3.5 சென்டிமீட்டர் இங்கே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

திறப்பு விசை மட்டும் மூச்சின் சுகத்தைச் சொல்லிவிடாது. 30 மீட்டரில் காற்றின் அடர்த்தி கரையில் இருப்பதைப்போல 4 மடங்கு. ஐரோப்பிய தரநிலை இஎன் 250, 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் நிமிடத்துக்கு 62.5 லிட்டர் காற்றோட்டத்தில் சோதிக்கச் சொல்கிறது. மூச்சுக்கான உழைப்பு லிட்டருக்கு 3 ஜூலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டில் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் தரைச் சோதனையில் தேறிய ரெகுலேட்டரையும் முதல் முங்கலில் ஆழத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆக்டோபஸுக்கும் அதே அளவா?

இல்லை. 4 முதல் 5 சென்டிமீட்டர் வையுங்கள். வாயில் இல்லாமல் தொங்கிக்கொண்டே வருவதால் லேசாக வைத்தால் அலையில் தானே ஊதிச் சிலிண்டரைத் தீர்த்துவிடும்.

தண்ணீரில் முக்கிச் சோதிக்கும்போது குமிழி வந்தால்?

குமிழி வரும் இடமே பழுதைச் சொல்லும். ஹோஸ் முதல் நிலையில் சேரும் இடத்தில் வந்தால், குறைந்த அழுத்தத் துளையாக இருந்தால் 011 அளவு ஓ-ரிங், உயர் அழுத்தத் துளையாக இருந்தால் 012. அழுத்தமானி திரும்பும் கழுத்தில் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பூலின் ஓ-ரிங்குகள். இதைக் கேஜைக் கழற்றி நீங்களே மாற்றிவிடலாம், காற்றை விட்டபின். பிஸ்டன் முதல் நிலையின் பக்கத் துளைகளில் வந்தால் பிஸ்டன் தலை அல்லது தண்டின் ஓ-ரிங். சர்வீஸுக்குத் திரும்பப் போக வேண்டும். ஹோஸின் ரப்பர் உறையில் ஊசித் துளைகள் வழியாக வந்தால் ஹோஸையே மாற்றுங்கள், ஒட்டுப்போட இடமில்லை.

கடைசியாகச் சிலிண்டரை மூடிவிட்டு 10 நிமிடம் ஐபி கேஜ், சிலிண்டர் அழுத்தமானி இரண்டின் முள்ளையும் பாருங்கள். இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் ரெகுலேட்டரைக் கெடுக்குமா?

கெடுக்கும். அந்த மணலில் இருக்கும் இல்மனைட், கார்னெட், சிர்கான் எல்லாம் சாதாரண மணலைவிடக் கனம். அலசினால் மிதந்து போகாது, மூலையில் தங்கிவிடும். வெளிமூச்சு வால்வின் அடியிலும் பர்ஜ் பட்டனின் இடுக்கிலும் ஒரு துகள் போதும், மூச்சில் தண்ணீர் வர. செட்டை மணலில் வைக்காதீர்கள், படகிலும் தொட்டியிலோ பையிலோதான் வையுங்கள். முங்கி வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். செட் சிலிண்டரில் மாட்டாமல் இருக்கும்போது தூசி மூடியைப் போடாமலும், பர்ஜை அழுத்தியும் அலசக் கூடாது. தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் நிலைக்குள் போய்விடும்.

முதல் நிலையை மூடி அடைத்திருக்கும் வகை பெரும்பாலும் குளிர்நீருக்காக விற்கப்படுகிறது. தரநிலைகளில் குளிர்நீர் என்பது 10 டிகிரிக்குக் கீழே. அந்தக் குளிர் நம் கடலில் கிடையாது. ஆனாலும் மணலும் உப்பும் உள்ளே போகாது என்பதற்காகவே இங்கே அந்த வகை நல்ல தேர்வு.

ஓ-ரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? வாஸ்லின்?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் கெட்டியாகிப் பிசின்போல ஒட்டும், வாஸ்லின் சில வகை ரப்பரை ஊதவைக்கும். உயர் அழுத்தத்தில், அதிலும் ஆக்சிஜன் கூடுதலான காற்றில், இரண்டும் தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளவை. சாதாரணக் காற்றுக்கு சிலிக்கோன் கிரீஸ், ஆக்சிஜன் கூடிய காற்றுக்கு கிறிஸ்டோ-லூப் போன்ற ஆக்சிஜனுக்கு ஏற்ற கிரீஸ். ஓ-ரிங் பளபளக்கும் அளவுக்குப் பூசினால் போதும், கிரீஸ் கண்ணுக்குத் திட்டாகத் தெரிந்தால் அதிகம்.

கழற்றிய பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கச் சொல்கிறார்களே, எதற்கு?

அதன் நிறம் பார்க்க. பச்சை என்றால் தண்ணீர் உள்ளே போய்ப் பித்தளை அரிக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டருக்குள் துரு. கறுப்பு என்றால் காற்று நிரப்பும் கம்ப்ரஸரின் எண்ணெயோ கரித்தூளோ வருகிறது. அந்தக் காற்றைத்தான் நீங்கள் மூச்சாக இழுத்திருக்கிறீர்கள். கறுப்பைக் கண்டால் ரெகுலேட்டரைவிட நிரப்பும் இடத்தை முதலில் மாற்றுங்கள்.

படகில் கம்ப்ரஸர் வைத்து நீண்ட ஹோஸில் முங்குவதற்கு இதே இரண்டாம் நிலையைப் போடலாமா?

அப்படியே போடக் கூடாது. சிலிண்டரில் முதல் நிலை உங்களோடு ஆழத்துக்கு வருவதால், அழுத்தத்தையும் ஆழத்துக்கேற்ப அதுவே கூட்டிக்கொடுக்கிறது. படகிலிருந்து வரும் அழுத்தம் அப்படிக் கூடாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் உங்களுக்குக் கிடைக்கும் ஐபியில் ஏறக்குறைய 1 பார் குறையும், நீண்ட ஹோஸின் உராய்வு அதற்கு மேல். 9.5 பாருக்குச் சரிசெய்த இரண்டாம் நிலை அங்கே கனத்துப்போகும். அதற்கென்று தனியாக, அந்தக் கம்ப்ரஸர் தரும் அழுத்தத்தில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். முங்குபவர் முனையில் ஒருவழி வால்வு கட்டாயம். மேலே ஹோஸ் அறுந்தால் காற்று பின்னோக்கி உறிஞ்சப்படுவதைத் தடுப்பது அதுதான். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸர் இவற்றின் காற்றை மூச்சுக்கு எடுக்கவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே கடலுக்குப் போகலாமா?

ஓர் இரவு பொறுங்கள். செட்டைச் சிலிண்டரில் மாட்டி, காற்றைத் திறந்து, ஐபி கேஜோடு 12 மணி நேரம் விடுங்கள். காலையில் முதல் மூச்சு இழுக்குமுன் முள்ளைப் படியுங்கள். முந்தைய இரவைவிட அரை பாருக்கு மேல் ஏறியிருந்தால் சீட் இன்னும் பிடிக்கவில்லை. சிறிய மாற்றம்தான் என்றால் ஐபியை மறுபடி சரிசெய்து, இரண்டாம் நிலையையும் மறுபடி பாருங்கள்.

முதல் முங்கல் நீச்சல் குளத்தில், இல்லையென்றால் கடல் தெளிந்து அமைதியாக இருக்கும் நாளில் 3 முதல் 5 மீட்டரில், துணையோடு. எல்லாத் திசையிலும் உடம்பைத் திருப்பி மூச்சு விட்டுப் பாருங்கள்: குப்புற, மல்லாந்து, தலைகீழாக. குப்புறப் படுத்தால் லேசாக ஊதுவதும், மல்லாந்தால் கொஞ்சம் கனப்பதும் இயல்பே. தண்ணீர் வந்தால் வெளிமூச்சு வால்வைப் பாருங்கள்.

ஆனி, ஆடியில் கடல் கொந்தளிப்பதால் பலர் அப்போதுதான் சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள். மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். அப்படிக் கொடுத்து வாங்கி, பெட்டியில் இரண்டு மாதம் கிடந்த செட்டாக இருந்தால், கடலுக்கு எடுக்கும் வாரத்தில் இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள்.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

முதல் நிலை, இரண்டாம் நிலைகளின் வரிசை எண்; சர்வீஸ் தேதி; 200 பாரில் ஐபி, 50 பாரில் ஐபி, 12 மணி நேரம் கழித்து ஐபி; இரண்டு இரண்டாம் நிலைகளின் திறப்பு விசை. சுமார் 10 முங்கலுக்குப் பிறகு ஐபியை மறுபடி அளந்து அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண் முதல் எண்ணோடு ஒத்துப்போனால், அடுத்த சர்வீஸ் வரை மாதம் ஒரு முறை ஐபி கேஜை மாட்டிப் பார்த்தால் போதும்.